ஓடுபாதை முனையில் அந்த ஒரு நிமிடம்

ஆசிரியருக்கு,

விமானம் ஓடுபாதை முனையில் கொஞ்சம் நின்றாலே ‘இன்னும் என்ன பண்றாங்க?’ என்று முணுமுணுப்பவர்கள் நம்மில் அதிகம். புறப்பட வேண்டிய பாதை இதுதானா என்று விமானிகள் சரிபார்க்கும் நேரமும் அதுவே.

மீனம்பாக்கத்தில் ஒன்றையொன்று குறுக்காக வெட்டும் இரண்டு ஓடுபாதைகள். பெரியது 07/25, சிறியது 12/30. காந்தத் திசையைப் பத்தால் வகுத்து வைத்த எண்கள் இவை. 07 என்றால் ஏறத்தாழ 70 டிகிரி. அங்கே நிற்க வேண்டிய விமானத்தின் திசைகாட்டி 120-ஐக் காட்டினால் பாதை மாறிவிட்டது என்று அர்த்தம். தரையில் எழுதிய எண், ஓரத்துப் பலகை, திசைகாட்டி மூன்றையும் இரு விமானிகளும் பார்த்து, வாய்விட்டுச் சொல்லி உறுதி செய்ய வேண்டும்.

2006 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்காவின் லெக்சிங்டனில், 22-ஆம் பாதைக்குப் பதிலாக அதில் பாதி நீளமே உள்ள 26-இல் ஒரு விமானம் ஓடியது. 50 பேரில் 49 பேர் இறந்தார்கள். விளக்கே எரியவில்லையே என்று விமானிகள் பேசிக்கொண்டது விமானி அறைப் பதிவில் இருக்கிறது. ஆனாலும் உடனே நிறுத்தவில்லை. எனக்கு உறுத்துவது அதுதான். 2000-இல் தைபேயிலும், மூடிக் கிடந்த பாதையில் ஓடிய விமானத்தில் 83 பேர் போனார்கள்.

எந்த ஓடுபாதையில் நிற்கிறோம் என்று குரலில் சொல்லும் கருவி இப்போது உண்டு. சரி, ஆனால் எல்லா விமானத்திலும் இல்லை. எந்தெந்த விமானங்களில் இருக்கிறது என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் பட்டியல் வெளியிட்டால் என்ன?

ஒரு வாசகர்,
பல்லாவரம், சென்னை