சந்தையில் வாங்கு, கப்பல்துறைக் கடையில் வேண்டாம்

நாகர்கோவில்

அன்பு மகள் கயல்விழிக்கு,

நலம், நலமறிய ஆவல். பிப்ரவரியில் டொராண்டோவிலிருந்து மாப்பிள்ளையோடும் சம்பந்தி வீட்டாரோடும் மறுபடியும் கரீபியன் தீவான கிரெனடாவுக்குப் போவதாகவும், உறவினருக்கும் அலுவலகத் தோழிகளுக்கும் அங்கிருந்து என்னென்ன வாங்கலாம் என்று நான் எழுத வேண்டும் என்றும் கேட்டிருந்தாய். கோட்டாற்றில் நாட்டு மருந்துக் கடை நடத்தியவனிடம் ஜாதிக்காய்த் தீவில் எதை வாங்குவது என்று கேட்டால் பதில் சுருக்கமாக வராது, பொறுமையாகப் படி.

முதலில் எங்கே வாங்கக் கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். செயின்ட் ஜார்ஜ் நகரத்தில் கப்பல்துறையை ஒட்டிய கடைகள் சொகுசுக் கப்பலில் வந்து, சில மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு மாலையில் கிளம்பிவிடும் பயணிகளுக்காக நடப்பவை. அங்கே உன் அம்மா ஆசையாக எடுத்த மரக்கிளியின் அடியில் சீனாவில் செய்தது என்று சீட்டு ஒட்டியிருந்தது நினைவிருக்கும். அதே கிளியும் அதே பனியனும் அடுத்த தீவிலும் கிடைக்கும். தீவின் பெயர் மட்டும் மாறியிருக்கும். அந்தக் காசை அப்படியே கொண்டுபோய்ச் சந்தைச் சதுக்கத்தில் செலவழி. சனிக்கிழமை காலையில் போனால் மலைப்பக்கத்து விவசாயிகளும் சரக்கோடு இறங்கியிருப்பார்கள். அன்று முடியாவிட்டால் கிராண்ட் ஆன்ஸ் கடற்கரையில் கைவினைப் பொருள்களும் நறுமணப் பொருள்களும் விற்கும் சிறு கடைகள் இருக்கின்றன, அவையும் பரவாயில்லை.

ஜாதிக்காயை ஓட்டோடுதான் வாங்க வேண்டும். காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே பருப்பு கடகடவென்று ஆட வேண்டும். ஆடினால் நன்றாகக் காய்ந்தது என்று பொருள். ஓடு நீக்கிய காயாக இருந்தால் உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்; காற்றுப்போல இலேசாக இருப்பது பூச்சி அரித்ததாகவோ முற்றாததாகவோ இருக்கும். நகத்தால் கீறினால் எண்ணெய் மினுங்க வேண்டும். குவாவ் என்ற மீனவர் ஊரில் ஜாதிக்காய்க் கூட்டுறவுச் சங்கத்தின் பழைய கிட்டங்கி இருக்கிறது. அங்கே பெண்கள் கையாலேயே காய்களைத் தரம் பிரிப்பதையும், தண்ணீரில் போட்டு மிதப்பதைத் தள்ளி மூழ்குவதை எடுப்பதையும் பார்க்கலாம். சம்பந்தி ஐயாவை அங்கே கட்டாயம் அழைத்துப் போ. காய் ஓட்டைச் சுற்றியிருக்கும் ஜாதிபத்திரி பறித்த அன்று செக்கச்செவேல் என்றிருந்து, காயக் காய ஆரஞ்சு கலந்த மஞ்சளாகும். கறுத்து நொறுங்குவதைத் தொடாதே. பொடியை மட்டும் எவ்வளவு அழகான பொட்டலத்தில் வைத்திருந்தாலும் வாங்காதே. முழுக்காய் ஆண்டுக்கணக்கில் மணக்கும். பொடி சில மாதங்களிலேயே வெறும் தூளாகிவிடும்.

நான் கோட்டாற்றில் எப்படிப் பேரம் பேசுவேன் என்பதைச் சிறுவயது முதல் பார்த்தவள் நீ. ஆனால் அந்தச் சந்தையில் பேரம் வேண்டாம். 2004 செப்டம்பரில் ஐவன் புயல் அடிக்கும் வரை, தன் தேசியக் கொடியிலேயே ஜாதிக்காயை வைத்திருக்கும் அந்தச் சிறு தீவுதான் உலக ஜாதிக்காய் வணிகத்தில் இந்தோனேசியாவுக்கு அடுத்த இடத்தில் இருந்தது. அந்தப் புயல் பெரும்பாலான மரங்களைச் சாய்த்துவிட்டது. மறு ஆண்டே எமிலி என்ற இன்னொரு புயலும் வந்தது. ஜாதி மரம் காய்ப்புக்கு வரவே ஆறேழு ஆண்டுகள் ஆகும், முழு மகசூலுக்கு அதற்கு மேலும் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்னும்போது, பொறுக்கி, காயவைத்து, உடைத்துக் கொண்டுவந்திருக்கும் அம்மாளிடம் ஒரு டாலரைக் குறைத்து நாம் என்ன கோட்டை கட்டப் போகிறோம்? எடுத்த எடுப்பில் விலையைக் கேட்காமல் முதலில் காலை வணக்கம் சொல்; அங்கே அதுதான் மரியாதை. விலை சொன்னதும் எந்த டாலர் என்று கேட்டுக்கொள். ஒரு அமெரிக்க டாலருக்கு 2.70 கிழக்குக் கரீபியன் டாலர் என்று 1976 முதல் மாறாமல் இருக்கிறது. இரண்டும் சந்தையில் புழங்குவதால் கேட்காவிட்டால் குழப்பம் வரும்.

அலுவலகத் தோழிகளுக்கு, ஜாதிக்காய், பட்டை, கிராம்பு, இஞ்சி, மஞ்சள் எல்லாவற்றையும் கோத்துச் செய்யும் வாசனை மாலை பொருத்தமானது. சமையலறையில் மாட்டினால் போதும். குழந்தைகள் உள்ள வீடுகளுக்குக் கோகோ உருண்டை வாங்கு. பட்டை, ஜாதிக்காய் எல்லாம் சேர்த்து உருட்டிய அதைத் துருவிக் கொதிக்கும் நீரில் போட்டு, பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காலையில் குடிக்கிறார்கள். அதோடு போடும் இலையும் சந்தையில் கிடைக்கும். அது நம் பிரிஞ்சி இலை அன்று, வேறு மரம். சாக்லேட் என்றால் 1999-இல் விவசாயிகளோடு கூட்டாகத் தொடங்கப்பட்ட கிரெனடா சாக்லேட் கம்பெனியின் கட்டிகளை எடு; தீவில் விளைந்த கோகோவைத் தீவிலேயே சாக்லேட்டாக்குகிறார்கள், ஆகவே லாபமும் அங்கேயே நிற்கிறது.

மாப்பிள்ளை ரம் வாங்க ஆசைப்படுவார், நான் தடுக்கவில்லை. 1785-இல் தொடங்கிய ரிவர் ஆன்டுவான் ஆலையில் தண்ணீர்ச் சக்கரத்தால் கரும்பு பிழிகிறார்கள். அவர்களுடைய 75 சதவீத ஆல்கஹால் உள்ள சரக்கு விமானத்தில் ஏறாது, ஏனெனில் 70-க்கு மேற்பட்டதை எடுத்துச்செல்லத் தடை. பயணிகளுக்கென்றே 69 சதவீதத்தில் ஒன்று வைத்திருக்கிறார்கள். அதைக் கேட்டு வாங்கச் சொல். கனடாவுக்குள் ஆளுக்கு 1.14 லிட்டர் வரைதான் தீர்வை இல்லை.

ஆமையோட்டு வளையல், சீப்பு, கருப்புப் பவளம் என்று யாராவது ரகசியமாக நீட்டினால் கையில்கூட வாங்காதே. விமான நிலையத்தில் பறிமுதல் ஆவதோடு வழக்கும் வரலாம். பெரிய இளஞ்சிவப்புச் சங்குக்கும் அனுமதிக் கட்டுப்பாடு உண்டு. இன்னொன்று, பேரனுக்கு ராணுவப் புள்ளி போட்ட கால்சட்டை ஒன்று இருக்கிறதே, அதைப் பெட்டியில் வைக்காதே. அந்த உடுப்பை அங்கே பொதுமக்கள் அணிவது சட்டப்படி குற்றம். சிறுபிள்ளைதானே என்று வாதாட வேண்டி வரும்.

டொராண்டோவில் இறங்கும்போது உணவுப் பொருள் இருப்பதை மறைக்காமல் எழுதிக் கொடு. காயைத் துணிப்பையில் கட்டு. பிளாஸ்டிக் பையில் வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும்.

எனக்கு ஜாதிக்காய் வேண்டாம். நம் மாவட்டத்திலேயே காய்க்கிறது. ஆனால் நாம் ஊறுகாய் போடும் அந்தத் தோட்டுச் சதையில் அவர்கள் ஜாம் காய்ச்சுகிறார்கள் அல்லவா, அதில் ஒரு குப்பி வாங்கி வை. கைப்பையில் வைத்தால் பிடுங்கிவிடுவார்கள், பெரிய பெட்டியில் வை. யாருக்கு என்று அம்மா கேட்டால் சம்பந்தி வீட்டுக்கு என்று சொல். என் சர்க்கரை அளவை அவள்தான் நோட்டில் எழுதி வைக்கிறாள்.

அன்புடன்,
அப்பா