பேரன் புதுக் காப்பகத்துக்குப் போன நாலாம் நாள்

அன்புள்ள அம்மிணிக்கு,

நேத்து ராத்திரி போன்ல நான் சொன்னது உனக்குப் பொக்குனு போயிருக்கும். தம்பி புதுக் காப்பகத்துல ஒட்ட மாட்டேங்கறான், என்ன பண்றதுன்னு நீ கேட்டதுக்கு, "பையனைக் கொண்டாந்து இங்க உட்டுட்டுப் போ, நான் பாத்துக்கறேன்"னு பட்டுனு சொல்லிப்போட்டேன். நீ "செரிம்மா, அப்புறம் பேசறேன்"னு வெச்சுட்டே. உங்கப்பா கொள்ளுப்பருப்புச் சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே எல்லாம் கேட்டுட்டு இருந்தாரு. கை கழுவ எந்திரிக்கறப்பத்தான் வாயைத் தொறந்தாரு. "அவ வழி கேட்டா, நீ ஊட்டுக்கு வான்னு சொல்லிட்டே." அவ்வளவுதான். எனக்குத் தூக்கமே வரலை.

அதான் எழுதறேன். போன்ல பேசினா நடுவுல தம்பி அழுவான், நீ எந்திரிச்சு ஓடுவே, எனக்கும் சொல்ல வந்தது மறந்துரும். பக்கத்து ஊட்டுப் பையன் நாளைக்கு வெள்ளன காலேஜுக்குக் கோயமுத்தூர் வர்றான், அவங்கிட்டக் குடுத்து உடறேன்.

அந்தக் காப்பகத்துக்காரங்க பண்ணினது தப்புத்தான். வெள்ளிக்கிழமை பொழுதோட வாட்ஸ்அப்புல ஒரு சேதியைப் போட்டு, திங்கக்கிழமையிலிருந்து இந்தக் கிளை கெடையாது, மூணு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற கிளைக்குக் கூட்டிட்டு வாங்கன்னா என்ன அர்த்தம்? ரேஷன் கடையை மாத்தறதுன்னாக்கூட முன்னாடியே ஒரு போர்டு எழுதி மாட்டுவாங்க. அத்தனை நாள் தம்பிக்குச் சோறூட்டின மிஸ் இனி வரமாட்டாங்கங்கறதை நீயா கேட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டே. உனக்குக் கோவம் வர்றது நியாயம். எனக்கும் வந்துச்சு, அந்தக் கோவத்துலதான் அப்படிச் சொல்லிட்டேன். ஆனா பையனுக்கு இப்பத்தான் மிஸ் போச்சு, ரூம் போச்சு, கூட வெளையாடின பிள்ளைகள்ல பாதி போச்சு. இதுல அம்மாவும் அப்பாவும் கண்ணுல இல்லாமப் போனா? முப்பது வருசம் பால்வாடியில இருந்தவளுக்கு இது தெரிஞ்சிருக்கணும். பேரன்னு வந்துட்டா டீச்சர் எங்கயோ போயிடறா, அம்மாயிதான் நிக்கறா.

நான் வேலைக்குச் சேந்த ரெண்டாம் வருசம், ஐப்பசி மழையில பால்வாடி ஓட்டுக் கட்டடம் ஒரு பக்கம் சரிஞ்சு போச்சு. ராவோட ராவா சாமானையெல்லாம் மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்துல இருந்த சமுதாயக் கூடத்துக்கு மாத்தினோம். எங்களுக்கு அந்த இடம் அரண்மனையாட்ட இருந்துச்சு. சிமெண்ட் தரை, ஃபேன், பெரிய ஜன்னல். பிள்ளைகளுக்கு நல்லதுதானேன்னு நெனச்சேன். வாய்க்காலோரத்து ஊட்டுப் பையன் ஒருத்தன், மூணு வயசு இருக்கும், அங்க வந்த நாள்லருந்து மத்தியானம் தூங்கவே இல்லை. சோறு தின்னுட்டுப் பாயில உக்காந்தே இருப்பான். படுக்க வெச்சா எந்திரிச்சுக்குவான். பொழுதோட ஊட்டுக்குப் போயி முரண்டு பண்றான்னு அவங்கம்மா வேற வந்து சத்தம் போட்டாங்க. பொம்மை குடுத்தேன், பாட்டுப் பாடினேன், ஒரு நாள் மெரட்டியும் பாத்தேன். பொய் எதுக்கு.

அஞ்சாறு நாள் கழிச்சு எங்க ஆயாதான் கண்டுபுடிச்சாங்க. பழைய இடத்துல அடுப்பும் பிள்ளைகளும் ஒரே ரூம்ல. அவன் படுத்திருப்பான், எதுக்கால ஆயா அண்டாவைக் கழுவிட்டு இருப்பாங்க. அந்தச் சத்தத்துலயே கண்ணு சொருகிரும். புது இடத்துல சமையல் பின்னாடித் தாழ்வாரத்துல. அவன் பாயை இழுத்து அந்தத் தாழ்வாரத்துக் கதவோரம் போட்டோம். ஆயா தேங்காநாரைப் போட்டு அண்டாவைத் தேய்க்க ஆரம்பிச்சாங்க. கொஞ்ச நேரம் பாத்துட்டே இருந்தான், அப்புறம் வெரலை வாயில வெச்சான், அப்படியே சாஞ்சுட்டான்.

தம்பிக்கும் இப்படி ஒரு அண்டாச் சத்தம் இருக்கும். அது என்னன்னு பழைய மிஸ்ஸுக்குத்தான் தெரியும். எந்தப் பக்கம் படுப்பான், முதுகைத் தட்டுவாங்களா, தலையைத் தடவுவாங்களா, சோறு எந்தத் தட்டுலன்னு கேட்டு வந்து புது மிஸ்கிட்டச் சொல்லு. பழைய மிஸ் கணபதிப் பக்கந்தானே குடியிருக்காங்க? போன்ல கேக்காதே, சனிக்கிழமை தம்பியையும் தூக்கிட்டே போயிட்டு வா. பாத்தா ஏக்கம் எச்சாகும்னு மாப்பிள்ளை சொல்றாருன்னு சொன்னே. எனக்கு அப்படித் தோணலை. வெள்ளிக்கிழமை சோறூட்டினவங்க திங்கக்கிழமை இல்லைன்னா, சின்னப் பிள்ளை அதை என்னன்னு நெனைக்கும்? அவங்க ஊட்டுல நல்லா இருக்காங்கன்னு ஒரு தடவை பாக்கட்டும். டாட்டா சொல்லிட்டு வரட்டும். அழுதா அழுகட்டும்.

இதை எதுக்கு இவ்வளவு அடிச்சுச் சொல்றேன்னா, உங்கிட்ட இதுவரைக்கும் சொல்லாத ஒண்ணு இருக்கு. 1996-ல எனக்கு வேற ஊர் மையத்துக்கு மாத்தல் வந்துச்சு. உனக்கு மூணு வயசு. அதுவரைக்கும் என்ற பால்வாடியில என்ற முந்தானையைப் புடிச்சுக்கிட்டே சுத்திட்டு இருந்தவ நீ. புதுசா வந்த டீச்சர்கிட்ட உன்னை உட்டுட்டு நான் பஸ் ஏறணும். நீ அழுவேன்னு பயந்து, ஆயா உனக்குக் காக்கா காட்டறப்ப நான் பின்கதவு வழியா நழுவிட்டேன். அன்னைக்கு நீ அழலையாம். பெரிய கெட்டிக்காரத்தனம் பண்ணிட்டதா நெனச்சுக்கிட்டேன். அப்புறம் ஒரு மாசம், நான் குளிக்கப் போனாக்கூடக் கதவுக்கு வெளிய உக்காந்து "அம்மா இருக்கியா, அம்மா இருக்கியா"ன்னு கேட்டுட்டே இருப்பே. காக்காயைப் பாத்தாலே அழுவே. உங்கப்பாவுக்குக் காரணம் தெரியாது, பிள்ளை எதையோ பாத்துப் பயந்துருச்சுன்னு கோயில்ல மந்திரிக்கக் கூட்டிட்டுப் போனாரு. நானும் கூடவே போயித் திருநீறு வாங்கிப் பூசினேன், வாயைத் தொறக்கலை.

அதனால காலையில போன்ல வீடியோவைப் போட்டுக் குடுத்துட்டு நழுவற வேலை வேண்டாம். மாப்பிள்ளை நல்லதுக்குத்தான் பண்றாரு, ஆனா வேண்டாம். மூஞ்சியைப் பாத்துச் சொல்லிட்டுப் போங்க. அஞ்சரை மணிக்கு வர்றேன்னா அவனுக்கு என்ன புரியும்? சோறு தின்னு, தூங்கி எந்திரிச்சு, பால் குடிச்சா அம்மா வந்துருவேன்னு சொல்லு. சொன்னா, பால் குடிச்சு முடிக்கறப்ப நீ வாசல்ல நிக்கணும். டாட்டா காட்டினப்புறம் ஜன்னல்ல எட்டிப் பாக்காதே, மளார்னு கெளம்பிரு.

படுக்கையில மறுபடி ஒண்ணுக்குப் போறான்னு வெசனப்பட்டே. போவான். வெரல் சப்புவான், சோத்தைத் துப்புவான், பொழுதோட உன்னைப் பாத்ததும் ஊரைக் கூட்டுவான். பகல் பூராம் அடக்கி வெச்சதை உங்கிட்டத்தானே எறக்கி வெக்க முடியும். நான் பாத்தவரைக்கும் ரெண்டு மூணு வாரம், சிலதுக்கு ஒரு மாசம். அழற பிள்ளைக்கு நான் எப்பவும் பயந்ததில்லை. அம்மா தலை மறைஞ்சு அஞ்சு நிமிசத்துல சொப்புச் சாமானை எடுத்துட்டு உக்காந்துரும். அழாம, கூப்பிட்டாத் திரும்பாம, மூலையிலயே இருக்கிற பிள்ளையைத்தான் உத்துப் பாப்பேன். தம்பி அப்படி ஆனாலோ, ஆரையாச்சும் பாத்து ஒடுங்கினாலோ, உடம்புல காயம் தெரிஞ்சாலோ, வாரக்கணக்கெல்லாம் பாக்காதே. அன்னைக்கே தூக்கிட்டு வந்துரு.

இன்னைக்கே ஒரு காகிதத்துல அவன் பாஷையை எழுதி வெய்யி. "ங்கா"ன்னா பால். "சோச்சி"ன்னா சோறு. "தாச்சி"ன்னாத் தூக்கம். "அப்பூ"ன்னா அப்புச்சி, உங்கப்பாதான். போன தடவை இங்க வந்தப்ப "பூ, பூ"ன்னு அழுதான் பாரு, நான் மல்லிகைப் பூவைப் பறிச்சுப் பறிச்சுக் குடுத்துட்டு இருந்தேன். கடைசியில பாத்தா, ரசஞ்சோறு சுடுது, ஊதிக் குடுன்னு கேட்டிருக்கான். சொந்த அம்மாயிக்கே இந்தக் கதி. புது மிஸ் இந்திக்காரங்கன்னு வேற சொன்னே. "சூசூ" அவங்களுக்கும் புரியும். சோச்சி எங்க புரியும்?

காப்பகத்துல ஃபீஸ் ஏத்தினதுக்கு நீயும் மாப்பிள்ளையும் பேசி முடிவு பண்ணிக்குங்க, அதுல நான் வரலை.

ஆனா ஆபீசுல கேக்கறதுக்குக் கூச்சப்படாதே. அவங்க மூலமாத்தானே அந்தக் காப்பகத்துல சேத்தே. 2017-ல பிரசவ லீவை 26 வாரமாக்கின அதே திருத்தத்துலதான், 50 பேர் வேலை செய்யற இடத்துல காப்பக வசதி இருக்கணும், அம்மா ஓய்வு நேரத்தையும் சேத்து ஒரு நாளைக்கு நாலு தடவை போய்ப் பாக்கலாம்னு வந்துச்சு. ஃபேக்டரிகளுக்கு 1948 சட்டத்துலயே, பொம்பளைங்க நெறையப் பேர் இருந்தாப் பிள்ளைகளுக்குத் தனி ரூம் வேணும்னு இருந்துச்சு. உன்ற சித்தி திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குத் துணி மடிக்கற கைமடி வேலைக்குப் போனப்ப அவ மகன் அந்த மாதிரி ரூம்லதான் வளந்தான். டீ டைம்ல ஓடிப் போயிப் பால் குடுத்துட்டு வந்து நிப்பா. உனக்கும் மேலாளர்கிட்டச் சொல்லி ரெண்டு வாரத்துக்கு மத்தியானம் ஒரு தடவை போயிட்டு வர முடியுமான்னு பாரு. பையன் கண்ணுல பட வேண்டாம். ஒரு மிஸ்ஸுக்கு எத்தனை பிள்ளை, சோறு ஆரு ஊட்டறாங்க, தூங்கறப்ப ரூம்ல ஆரு இருக்காங்கன்னு பாத்துட்டு வந்துரு. காலையில எட்டிப் பாக்காதேன்னு சொன்னது வேற, இது வேற.

ஞாயித்துக்கிழமை நான் வர்றேன். சத்தியமங்கலத்துல பஸ் மாறினா, புளியம்பட்டி, அன்னூர் தாண்டிச் சரவணம்பட்டியிலயே எறங்கிக்குவேன், மாப்பிள்ளை காந்திபுரத்துக்கு வண்டி எடுத்துட்டு வர வேண்டாம். தடப்பள்ளி வாய்க்கால்ல தண்ணி உட்டிருக்காங்க, நடவு நேரம், உங்கப்பா வர மாட்டாரு. பத்து நாள் இருப்பேன். ஆனா தம்பியைக் கொண்டு போயி உடறதும் கூட்டிட்டு வர்றதும் நீங்க ரெண்டு பேருந்தான். நான் அடுப்படியைப் பாத்துக்கறேன். நீ அஞ்சு மணிக்கே எந்திரிச்சு ஓடற ஓட்டம் கொஞ்சம் கொறையும். பருப்பு, வெங்காயம் எல்லாம் கொண்டாறேன், வாங்கி வெக்காதே.

அவன் இழுத்துட்டுத் திரியற தொட்டில் சேலைத் துண்டைப் புது இடத்துக்கும் பையில வெச்சுக் குடுத்து உடு. அழுக்கா இருக்கே, அந்த மிஸ் என்ன நெனப்பாங்களோன்னு தொவைச்சுப் போட்டுறாதே. ஒரு மாசம் போகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்.

உன்ற அம்மா