துக்க லீவு

மகன்,

நான் சுகமாக வந்து சேர்ந்து மூன்று கிழமை ஆகிவிட்டது. இந்தக் கடிதத்தை இரண்டு தரம் எழுதிக் கிழித்துப் போட்டேன். போனில் கதைத்தால் அம்மா பக்கத்தில் வந்து நிற்பாள், அதனால்தான் எழுதுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு. அந்தக் கறுப்பு ஜக்கெட்டின் சிப் பிய்ந்து கிடக்கிறது, குளிர் வரமுதல் மாற்று.

இங்கே கல்லடியில் காண்கிற சனமெல்லாம் என்னிடம் எலிசபெத் மகாராணி கதைதான் கேட்கிறது. நான் லண்டனில் வந்திறங்கிய மூன்றாம் நாள், செப்டெம்பர் 8, பின்னேரம் அவ காலமான செய்தி வந்தது, மறுநாள் பார்த்தால் பஸ் தரிப்பிடம் முழுக்க அவவின் படம். 1972 வரைக்கும் எங்களுக்கும் அவதானே ராணி, அப்பப்பாவின் தகரப்பெட்டியில் கிடக்கிற ரெண்டு சதக் குற்றியில் இருப்பதும் அவதான். கிறீன் பார்க்கில் பூவோடு பூவாகக் கரடிப் பொம்மையும் பாணுக்குள் மாமலேட் பூசியும் வைத்திருந்தார்களே, இனி வைக்காதீர்கள் என்று அறிவித்தும் வைத்தார்களாம். நாங்கள் எட்டுக்கும் 31க்கும் படைக்கிறதுபோலத்தான், என்ன, ஒருவரும் சத்தம் போட்டு அழவில்லை. இங்கேயும் 19ஆம் திகதி துக்கதினமாம். பெற்றோலுக்கு நின்று களைத்த சனத்துக்கு இன்னும் என்ன துக்கம் என்று அம்மா கேட்டாள்.

அவவின் பெட்டியைப் பார்க்க நாங்கள் நின்ற கியூவைச் சொன்னால் ஒருவரும் நம்புகிறார்களில்லை. ஜூலையில் பெற்றோல் செட்டடியில் இரண்டு இரவு படுத்தவன் நான், எனக்கே அது புதினம். கையில் நம்பர் போட்ட பட்டி, தேம்ஸ் கரையோடு மைல்கணக்கில் சனம், ஒரு தள்ளுமுள்ளு இல்லை. வெஸ்ட்மினிஸ்டர் மண்டபத்துக்குள் போனதும் பெட்டிக்கு மேலே கிரீடம் இருந்தது, நான் கும்பிட்டேன், முடிந்தது. எனக்கு நினைவில் நிற்பது அதுவல்ல. வியாழக்கிழமை, வேலைநாள், ஒன்பது மணித்தியாலம் என்னோடு நின்றாய், உன் போன் ஒருதரமாவது அடிக்கவில்லை.

நாடே துக்கத்தில் இருக்கிறது, ஒபிஸ் பூட்டு என்று சொன்னாய். சரி என்று இருந்தேன். ஆனால் மேல்வீட்டுப் பெடியன் விடிய ஏழு மணிக்கே பையோடு ஓடுவான். ஈஸ்ட்ஹாமில் மரக்கறி வாங்கப் போன இடத்தில் கடைக்காரத் தம்பி, "திங்கட்கிழமை மட்டும்தான் ஐயா லீவு, அண்டைக்குப் பெரிய கடையெல்லாம் பூட்டு" என்றார். நான் வெண்டிக்காயை நுனி முறித்துப் பார்த்துக்கொண்டே நின்றேன். உன்னிடம் கேட்கவில்லை. எனக்கு டிக்கெட் போட்டு எடுத்த பிள்ளை, ஊரிலே எத்தனை பேருக்கு இப்படி வாய்க்கும்? ஆனாலும் அந்தக் காசுக்கு என்ன அவசரம் மகன், நான் அடுத்த வருஷம் வந்திருப்பேனே.

நேரத்துக்குச் சாப்பிடு. இரவில் பாணை மட்டும் கடித்துவிட்டுப் படுக்காதே.

உனக்கு ஞாபகம் இருக்குமோ தெரியாது, நீ ஐந்தாம் வகுப்பு. எனக்குக் கணக்கு எழுதுகிற வேலை போய் இரண்டு மாதம், நான் வீட்டில் சொல்லவில்லை. அம்மா கட்டித் தந்த சோற்றுப் பார்சலோடு தினமும் சைக்கிளில் போய்ப் பாலத்தடியில் வாவியைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். வாடின இலையைப் பிரித்தால் தொண்டைக்குள் இறங்காது, பாதி காகத்துக்குத்தான். ஒருநாள் பள்ளிக்கூடம் வேளைக்கு விட்டு நீ அந்தப் பக்கமாக வந்து கண்டுவிட்டாய். ஏன் அப்பா இங்கே என்றாய். முதலாளியின் தாய் செத்துப்போனா, கடை பூட்டு என்றேன். கிழவி அதற்குப் பிறகும் பத்து வருஷம் இருந்தா. ஐஸ்பழம் வாங்கித் தந்து, அம்மாவிடம் சொல்லாதே என்றேன். அது உருகி உன் வெள்ளைச் சட்டையில் வழிந்தது, அதற்கு அம்மா உனக்கு அடித்தாள், அப்போதும் நீ சொல்லவில்லை. நான் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன், எழும்பி வரவில்லை.

இந்த மாதம் காசு அனுப்பாதே, என் பென்சன் போதும். அம்மாவிடம் லண்டன் கதை முழுக்கச் சொல்லிவிட்டேன், இதை மட்டும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு அவள் மாமாங்கக் கோயிலுக்குப் போவாள், உனக்கு அப்போது பகல் பன்னிரண்டரை. போன் என்னிடம்தான் இருக்கும்.

அப்பா