வேலிக்காலுக்கு அடியில் கான்கிரீட் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வேலி அமைப்பது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, மரக்கால்களை அடியிலும் சுற்றிலும் கான்கிரீட் போட்டு மூடிவிடச் சொல்கிறது. அப்படிச் செய்தால் கால் ஆடாதுதான். ஆனால் சீக்கிரம் அழுகும்.

கான்கிரீட் காயும்போது சற்றுச் சுருங்கும். மரமும் வெயிலில் சுருங்கும். இரண்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விழ, மழைநீர் அதன் வழியே இறங்குகிறது. அடியும் மூடியிருந்தால் நீர் வெளியேற வழியில்லை. கிண்ணத்தில் ஊறவைத்த மாதிரிதான். காற்றும் ஈரமும் சேரும் தரைமட்டத்தில் அழுகல் பிடித்து, கால் அங்கேயே முறியும்.

தரைக்கு மேல் 1.8 மீட்டர் உயரம் வேண்டுமென்றால் 2.4 மீட்டர் கால் எடுத்து, 60 செ.மீ. புதைக்க வேண்டும். 10 செ.மீ. கனமுள்ள காலுக்குக் குழி 30 செ.மீ. அகலம், 75 செ.மீ. ஆழம். அடியில் 15 செ.மீ. உயரத்துக்கு 20 மி.மீ. ஜல்லி போட்டுத் திமிசு அடித்து, கால் அந்த ஜல்லியின் மேல் நிற்க வேண்டும். கான்கிரீட் காலைச் சுற்றி மட்டும்தான். நீர் இறங்காத களிமண்ணில் இந்த ஜல்லியும் நீர்த்தொட்டியாகிவிடும். அங்கே மரத்தை விட்டுவிட்டுக் கல்கால் போடுவதே மேல். குழி மேலே அகன்று கீழே குறுகக் கூடாது. ஈரத்தில் வீங்கும் மண் அந்தச் சரிவைப் பிடித்துக் கான்கிரீட்டையே மேலே தள்ளிவிடும்.

சிமென்ட், மணல், ஜல்லி 1:2:4 கலவை போதும். 50 கிலோ சிமென்ட் மூட்டைக்குத் தண்ணீர் 25 முதல் 28 லிட்டர். மணல் ஈரமாக இருந்தால் இன்னும் குறைவு. குழிக்குச் சுமார் 40 லிட்டர் கான்கிரீட் பிடிக்கும் என்பதால், ஒரு மூட்டையில் மூன்று கால்கள் தாராளமாக நடலாம். உலர்ந்த கலவையைக் கொட்டி மேலே தண்ணீர் ஊற்றும் பழக்கம் பரவி வருகிறது. மேல்பகுதி மட்டும் இறுகி, உள்ளே பொடியாகவே கிடக்கும் ஆபத்து இதில் உண்டு.

முதலில் இரு முனைக்கால்களை நட்டு நூல் கட்டுங்கள். ஒவ்வொரு காலுக்கும் அடுத்தடுத்த இரண்டு முகங்களில் ரசமட்டம் வைத்துப் பார்த்து, முட்டுக் கொடுத்த பிறகே கொட்ட வேண்டும். ஒரு முகத்தை மட்டும் பார்த்தால் மறுபக்கம் சாய்ந்திருப்பது தெரியாது. 20 செ.மீ.க்கு ஒருமுறை கம்பியால் குத்திவிட்டு, மேல்பரப்பைத் தரையைவிட 3 செ.மீ. உயர்த்திக் கரணையால் வெளிப்பக்கம் வாட்டம் கொடுங்கள். ஏழு நாள் ஈரச்சாக்கு போர்த்தி வையுங்கள். அதற்கு முன் வேலிக்கம்பி இழுத்துக் கட்டினால் கால் சாயும். குறிப்பாக மூலைக்கால், ஏனென்றால் அதற்கு எதிர்ப்பக்க இழுவிசை இல்லை. கம்பி ஓடும் திசையில் சாய்வான தாங்குகால் கொடுத்து, அதன் அடியையும் கான்கிரீட்டில் நிறுத்த வேண்டும்.

மரக்காலில் அறுத்த முனை மேல்நோக்கி இருக்கட்டும். அழுகல் தடுப்பு மருந்து ஊறிய முனைதான் மண்ணுக்குள் போக வேண்டும். இரும்புக்குழாய்க்கு வேறு வைத்தியம். தரைமட்டத்துக்கு மேலும் கீழும் 15 செ.மீ. தார்ப்பூச்சு பூசிவிட்டு, மேல்வாயை மூடிபோட்டு அடைக்க வேண்டும். திறந்தே விட்டால் மழைநீர் உள்ளே இறங்கித் துருவேற்றும். வெளியே எத்தனை முறை வண்ணம் அடித்தாலும் அது நிற்காது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்