2025 ஆண்டறிக்கை: பிள்ளைகளின் ஹர்லிங்கும் ஷான் ஓக்கும்

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

வழக்கமானவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். செயற்குழு மாதம் தவறாமல் கூடியது. பொங்கலும் தீபாவளியும் நல்லபடியாக நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டு நம் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டது ஹர்லிங், மட்டையால் சிறு பந்தை அடித்து ஆடும் ஐரிஷ் விளையாட்டு. அயர்லாந்தில் நாம் வாழும் கார்க் மாவட்டத்தின் அணி லீக் கோப்பையையும் மன்ஸ்டர் மாகாணக் கோப்பையையும் வென்றதால், ஜூலை 20 அன்று அகில அயர்லாந்து இறுதிப்போட்டியைக் கூடத்தில் ஒன்றாக உட்கார்ந்து பார்த்தோம். இடைவேளையில் கார்க் 6 புள்ளி முன்னிலை. அப்புறம் இரண்டாம் பாதி முழுவதும் கார்க்குக்குக் கிடைத்தது 2 புள்ளிதான்; எதிரணியான டிப்பரரி 15 புள்ளி வித்தியாசத்தில் வென்றது. சிவப்புச் சட்டை போட்டிருந்த பிள்ளைகள் தட்டில் இருந்த வடையைத் தொடவில்லை. “கடைசியா கார்க் எப்ப ஜெயிச்சது மாமா?” என்று ஒரு பையன் கேட்டான். 2005 என்றேன். “கேப்டன் யாரு?” என்றான். அந்தக் கேள்விக்காகவே ஆகஸ்ட் கூட்டத்தை அந்தக் கேப்டன் ஷான் ஓக் ஓ ஹால்பீனுக்கு ஒதுக்கினோம். அன்று பேசியதை இங்கே பதிவு செய்கிறேன்.

அவர் 1977இல் ஃபிஜியில் பிறந்தவர். அம்மா ரொட்டுமா தீவுக்காரர், அப்பா வட அயர்லாந்தின் ஃபெர்மானாக்காரர். சிட்னியில் வளர்ந்து, 1988இல்தான் குடும்பத்தோடு கார்க் வந்து சேர்ந்தார். இங்குள்ள பையன்கள் நடக்கத் தொடங்கும்போதே மட்டையைப் பிடிக்கிறார்கள். இவரோ பதினொரு வயதில் வந்து தொடங்கினார். நார்த் மொனாஸ்ட்ரி பள்ளியிலும் நா பியர்ஸி கிளப்பிலும் ஆட்டத்தைக் கற்றார், ஐரிஷ் மொழியையும் சேர்த்துக் கற்றார்.

1999 செப்டம்பரில் இரண்டே வார இடைவெளியில் இரண்டு அகில அயர்லாந்து இறுதிப்போட்டிகளில் ஆடினார். ஹர்லிங்கில் கில்கென்னியை ஒரே புள்ளியில் வென்றார்கள். கையாலும் காலாலும் ஆடும் ஐரிஷ் ஆட்டமான கேலிக் கால்பந்தில் மீத்திடம் தோற்றார்கள். 2001இல் கார் விபத்தில் முழங்கால் பலமாக அடிபட்டது. இனி ஆட முடியுமா என்ற நிலையிலிருந்து திரும்பி வந்து, 2004இல் கோப்பையோடு ஆண்டின் சிறந்த வீரர் விருதையும் வாங்கினார். என்னைக் கேட்டால் அவர் வாழ்க்கையில் பெரிய வெற்றி அந்த மூன்று வருடம்தான்.

2005இல் அவர்தான் கேப்டன். கால்வேயை 1-21க்கு 1-16 என்று வென்றார்கள். (முதல் எண் கோல், அடுத்தது புள்ளி. கோல் ஒன்றுக்கு 3 புள்ளி; குறுக்குக் கம்பத்துக்கு மேலே போனால் 1 புள்ளி.) டப்ளின் க்ரோக் பார்க் மைதானத்தில், அகில அயர்லாந்து ஹர்லிங் சாம்பியனுக்குத் தரும் லியம் மெக்கார்த்தி கோப்பையைக் கையில் வாங்கிக்கொண்டு, முழு உரையையும் ஐரிஷிலேயே பேசினார். அந்தக் காணொளியைப் போட்டபோது கூடத்தில் சத்தமே இல்லை. வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி என்று வளரும் நம் பிள்ளைகளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

2010க்குப் பிறகு அவருக்கு அணியில் இடமில்லை என்றானது. 2012இல் பயிற்சியாளர் ஜிம்மி பேரி-மர்ஃபி திரும்ப அழைத்தார். 35 வயதில் அந்தப் பருவத்தை ஆடி முடித்து ஓய்வு பெற்றார். இத்தனைக்கும் இந்த ஆட்டத்தில் சம்பளம் கிடையாது. ஞாயிறு எண்பதாயிரம் பேர் முன்னால் ஆடுபவர், மற்ற நாட்களில் நம்மைப் போல வேலைக்குப் போகிறவர்.

அந்தக் கூட்டத்துக்குப் பிறகு ஒன்பது பிள்ளைகள் பக்கத்துக் கிளப்பில் சேர்ந்திருக்கிறார்கள். மட்டை வாங்கப்போகும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை: பிள்ளை நிமிர்ந்து நிற்கும்போது மட்டை இடுப்பெலும்பு வரை வந்தால் போதும். வளரும் பிள்ளை என்று நீளமாக வாங்காதீர்கள், மணிக்கட்டு வலிக்கும். ஆஷ் மரத்தில், வேரை ஒட்டி அடிமரம் வளையும் இடத்தில் அறுத்த மட்டைதான் நல்லது. மரத்தின் ரேகையும் மட்டையோடு சேர்ந்து வளைந்து ஓடுகிறதா என்று பாருங்கள். நேராக ஓடினால் அந்த இடத்தில் பிளந்துவிடும். ஆஷ் மரங்களை நோய் தாக்கி வருவதால் நல்ல கட்டை கிடைப்பது கடினமாகிவிட்டது, மூங்கில் மட்டைகளும் வந்திருக்கின்றன. தலைக்கவசம் இல்லாமல் யாரையும் அனுப்ப வேண்டாம்.

வரும் ஆண்டுக்குச் சின்ன அளவு மட்டைகள் ஆறு வாங்கிப் பொதுவில் வைக்கச் செயற்குழு பரிந்துரைக்கிறது. அதற்கும் இந்த அறிக்கைக்கும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்