மூளை ஸ்கேன் மனத்தைப் படித்துவிடுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒருவர் பார்த்த காட்சியை அவருடைய மூளை ஸ்கேனிலிருந்து படமாக மீட்டெடுக்கும் ஆய்வுகள் பற்றிய கட்டுரையைத் தங்கள் இதழில் படித்தேன். செய்திகள் சரியானவை. ஆனால் 'மனத்தைப் படிக்கும் இயந்திரம்' என்ற தலைப்பு எங்கள் கடற்கரையில் வேறு பொருளில் பரவிவிட்டது.

இந்த ஆய்வுகளில் பயன்படும் எஃப்எம்ஆர்ஐ என்ற மூளை ஸ்கேன் கருவி எண்ணத்தை அளப்பதில்லை. மூளையின் ஒரு பகுதி வேலை செய்தால், சில வினாடிகள் கழித்து அங்கே ஆக்சிஜன் மிகுந்த ரத்தம் கூடுதலாகப் பாயும். கருவிக்குத் தெரிவது அந்த மாற்றம் மட்டுமே. 2011இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜாக் கேலண்ட் குழுவினர் செய்த ஆய்வில், குழுவைச் சேர்ந்த மூவரே கருவிக்குள் மணிக்கணக்கில் அசையாமல் படுத்துத் திரைப்பட முன்னோட்டங்களைப் பார்த்தார்கள். எந்தக் காட்சிக்கு அவரவர் மூளை எப்படி மாறுகிறது என்பதைக் கணினி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கற்றது. பிறகு அவர்கள் பார்த்த புதிய காட்சிகளுக்கு, யூடியூபிலிருந்து திரட்டிய சுமார் 1.8 கோடி வினாடி வீடியோவில் மிக நெருங்கிப் பொருந்திய 100 துண்டுகளைச் சராசரியாக்கிப் பெற்றதே அந்த மங்கலான படம். அண்மைக்காலப் படங்கள் பளிச்சென்று இருப்பதற்கும், எண்ணற்ற படங்களைக் கற்றுத்தேர்ந்து தாமே படம் உருவாக்கும் ஸ்டேபிள் டிஃப்யூஷன் போன்ற செயற்கை நுண்ணறிவுச் செயலிகளே பெருங்காரணம்.

மனநோய் தீரும் என்ற நம்பிக்கையில் பலர் நாடிவரும் ஏர்வாடி தர்காவுக்கு மகனை அழைத்து வந்து தங்கியிருக்கும் ஒரு தாய், கைப்பேசியில் இந்தப் படங்களைக் காட்டி, "இதுல போட்டுப் பார்த்தா எம்மவன் கண்ணுக்கு என்ன தெரியுதுன்னு காட்டிருமா சார்?" என்று என்னிடம் கேட்டார். பாதி மாத்திரைகள் பிரிக்கப்படாத அட்டை அவர் பையில் இருந்தது. கணினிக்குக் கற்பிக்க, கருவிக்குள் இருப்பவர் பார்த்தது இன்னது என்று நமக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அந்த மகனுக்குத் தோன்றும் உருவமோ வேறெவரும் காணாதது; ஒப்பிட்டுப் பார்க்க மூலப்படமே கிடையாது. இதை விளக்கியபோது அந்தத் தாயின் முகம் வாடியதைக் கண்டு மனம் மிகவும் வேதனைப்பட்டேன்.

2001 ஆகஸ்ட் 6 அன்று, தனியார் காப்பகம் ஒன்றில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் உட்பட 28 பேரைத் தீக்குப் பறிகொடுத்த ஊர் ஏர்வாடி. பொய்யான நம்பிக்கையை விலைக்கு விற்போர் இங்கே வந்துசேர அதிக நாள் ஆகாது என்பதே என் அச்சம். ஒருவரின் இசைவின்றி மூளைப் பதிவுச் சோதனையோ உண்மை கண்டறியும் சோதனையோ நடத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2010இல் செல்வி வழக்கில் தீர்ப்பளித்தது. அது குற்ற விசாரணைக்குச் சொன்னது என்றாலும், தன் உள்ளத்தைப் பிறர் துருவலாமா என்று தீர்மானிக்கும் உரிமை நோயாளிக்கும் உண்டு என்றே நான் கருதுகிறேன்.

எனவே, இந்த ஆய்வுகளுக்கு எத்தனை மணி நேர ஒத்துழைப்பு தேவைப்பட்டது, மருத்துவமனையில் எடுக்கும் சாதாரண எம்ஆர்ஐ ஸ்கேன் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பதை ஒரு மனநல மருத்துவரைக் கொண்டு எளிய தமிழில் எழுதி வெளியிடுமாறு வேண்டுகிறேன். அதன் கீழே, மனநல ஆலோசனைக்கான 14416 என்ற டெலி மானஸ் இலவச எண்ணையும் பெரிய எழுத்தில் அச்சிட்டால் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கீழக்கரை, இராமநாதபுரம் மாவட்டம்.