உதகையில் இருக்கும் நண்பனுக்கு, மண்ணுக்குள் செல்லும் காற்றைப் பற்றி

தோ பாயோ, சிங்கப்பூர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. வீட்டுக்குப் பின்னால் உன் கையாலேயே கட்டிய பசுமைக்குடிலில், தக்காளி நாற்றுகள் ஒரே இரவு உறைபனியில் கருகிப்போனதைப் பார்த்தபோது மனம் கனத்தது. ஹீட்டர் இல்லாமல், பகல் வெப்பத்தை மின்விசிறியால் மண்ணுக்குள் செலுத்தி வைத்து இரவில் திரும்ப எடுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறாய். முடியும். முப்பது ஆண்டுகள் இங்கே ஏர்கான் வேலையிலேயே கழித்தவன் என்பதால், இதைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

சில மீட்டர் ஆழத்தில் மண்ணின் வெப்பநிலை, அந்த ஊர்க் காற்றின் ஆண்டுச் சராசரியை ஒட்டியே நிற்கும். சிங்கப்பூரில் அது 27, 28 டிகிரி என்பதால் எங்களுக்கு அந்த மண் குளிரும் தராது; வெப்பமோ தேவையில்லை. உனக்கோ, உறைபனி இரவில் மண் காற்றைவிடச் சூடாகவே இருக்கும்; பகல் வெப்பத்தையும் சேர்த்து வைத்துக்கொள்ளலாம். இங்கே ‘கரையோரப் பூந்தோட்டங்கள்’ (Gardens by the Bay) என்னும் பூங்காவின் கண்ணாடிக் கூடங்களில், தரைக்குள் பதித்த குழாய்களில் குளிர்நீரை ஓடவிட்டு, செடிகளும் மனிதர்களும் இருக்கும் கீழ் அடுக்கை மட்டும் குளிர்விக்கிறார்கள். சூடான காற்று மேலேயே தங்கிவிடுகிறது. உனக்கு வேண்டியது அந்த மேல் காற்றுதான். ஆகவே உறிஞ்சும் குழாயின் வாயைக் கூரை முகட்டை ஒட்டி வை.

நீ காற்றின் சூட்டை மட்டும் கணக்கில் எடுத்திருக்கிறாய். அதன் ஈரத்தை விட்டுவிட்டாய். ஒரு கன மீட்டர் காற்று 30 டிகிரியிலிருந்து 20 டிகிரிக்கு ஆறினால் மண்ணுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 12 கிலோஜூல். அதே காற்று செடிகள் விட்ட ஈரத்தால் நிறைந்திருந்தால், அதிலுள்ள 30 கிராம் நீராவியில் 13 கிராம் குழாய்ச் சுவரில் நீராகப் படியும். அப்படிப் படியும்போது மேலும் ஏறக்குறைய 32 கிலோஜூலை விட்டுச் செல்லும். மண்ணுக்குப் பெருமளவு வெப்பத்தைக் கொடுப்பது அந்த ஈரம்தான். அதனால் பகலில் சன்னல்களை அவசரப்பட்டுத் திறந்துவிடாதே.

ஈரம் படிந்தால் நீர் வடிய வழி வேண்டும். ஒருமுறை ஒரு கட்டடத்தில் நான் பதித்த வடிகுழாயில் சாய்வு போதாமல் போய், தேங்கிய நீரில் வழவழப்பான பாசி பிடித்து, அறை முழுவதும் நாற்றம் அடித்தது. மேற்கூரைப் பலகையைக் கழற்றி அந்தக் கருநிறக் கூழை வழித்தெடுத்தது இன்னும் நினைவிருக்கிறது. ஆகவே அடியில் துளையிட்ட 4 அங்குல நெளிகுழாய்களை இரண்டு முதல் நான்கு அடி ஆழத்தில், ஒரே பக்கமாகச் சற்றே சாய்த்துப் பதித்தால், நீர் மண்ணில் இறங்கி வேர்களுக்கும் உதவும்.

மூன்றுக்கு ஆறு மீட்டர் குடிலில் ஏறத்தாழ 40 கன மீட்டர் காற்று இருக்கும். மணிக்கு ஐந்து முறை அது சுற்றினால் போதும். ஆறு குழாய்களில் பகிர்ந்தால் ஒவ்வொன்றிலும் நொடிக்கு ஒரு மீட்டருக்குச் சற்று மேல்தான் வேகம் வரும். மெதுவாகப் போனால்தான் காற்று வெப்பத்தை மண்ணிடம் கொடுத்துவிட்டுப் போகும். விசிறிக்கு இரண்டு தெர்மோஸ்டாட் (வெப்பநிலையைப் பார்த்து விசிறியைத் தானே இயக்கி நிறுத்தும் கருவி) வை: ஒன்று 27 டிகிரிக்கு மேல் ஓட்ட, மற்றொன்று இரவில் 8 டிகிரிக்குக் கீழே இறங்கினால் ஓட்ட.

பணம் குறைவாக இருந்தால் குழாயில் ஒன்றைக் குறைத்துக்கொள். ஓரக் காப்பில் மட்டும் கைவைக்காதே. குடிலைச் சுற்றிலும் இரண்டடிக்காவது தடித்த தெர்மாகோல் பலகையை மண்ணுக்குள் இறக்காவிட்டால், பகலில் சேர்த்த வெப்பமெல்லாம் பக்கவாட்டில் கசிந்து வெளி மண்ணுக்குப் போய்விடும்.

எதையும் வாங்குமுன் நான்கடிக் குழி ஒன்று தோண்டி, ஐப்பசி மழையில் அதில் நீர் ஊறுகிறதா என்று பார். ஊறினால் குழாய்களை மேலே ஏற்ற வேண்டியிருக்கும். குழியின் படத்தை எனக்கு அனுப்பு, ஆழத்தைச் சேர்ந்தே முடிவு செய்வோம். தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

என்றும் உன்,
பழைய தோழன்